டிசைனரின் 'என்னைப் பற்றி' பக்கம்: பின்னணி, கொள்கை, விருப்பம் மூன்றையும் எழுதும் முறை

ஆள் எடுக்கிற நிறுவனத்துக்காரர், டிசைனரின் வேலைத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் திறந்ததும் வேலைகளைத்தான் பார்ப்பார். ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் கேஸ் ஸ்டடி ஒன்றிரண்டு மனதுக்குப் பிடித்தால்தான் 'என்னைப் பற்றி' பக்கத்துக்கு வருவார். பாதி சம்மதத்தோடு வருகிற அவரிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: இந்த நல்ல வேலை தற்செயலாக அமைந்ததா, இவர் கை வைத்தால் மறுபடியும் இப்படி வருமா? பெரும்பாலான பக்கங்கள் இதற்குப் பதிலே சொல்வதில்லை. 'பயனரை மையமாக வைத்துச் சிந்திப்பேன், எளிமையில் நம்பிக்கை உண்டு, பயணமும் இசையும் பிடிக்கும்' என்று எழுதியிருக்கும். மேலே பெயரை மாற்றிப் போட்டால் வேறு எந்த டிசைனருக்கும் அது பொருந்திவிடும்.

இந்தப் பக்கத்துக்கு மூன்று சரக்கு வேண்டும்: பின்னணி, கொள்கை, விருப்பம். மூன்றையும் ஒரே பாணியில் எழுதுவதால்தான் பக்கம் சப்பென்று போகிறது. பின்னணியை இன்றைய வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். கொள்கைக்குச் சான்று காட்ட வேண்டும். விருப்பத்தை மட்டும் எதனோடும் கட்டாமல் விட்டுவிட வேண்டும். எழுதுவதற்கு இரண்டு மாலை போதும். சரக்கு திரட்டத்தான் ஒரு வாரம் பிடிக்கும்.

முதல் வேலை: முடிவுகளைத் திரட்டுவது

எழுத உட்காரும் முன்பு, கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எடுத்த டிசைன் முடிவுகளில் 15-ஐத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். அட்டையில் ஐந்து வரி: என்ன முடிவு, அதற்காக எதை விட்டோம், ஏன், யார் எதிர்த்தார்கள், பிறகு என்ன ஆனது.

எடுத்துக்காட்டாக, ஓர் அட்டை இப்படி இருக்கலாம். ஓடிபி திரையில் 'மறுபடி அனுப்பு' பட்டனை 30 விநாடி கழித்தே காட்டினோம். உடனே காட்டும் வசதியை விட்டோம். காரணம், பொறுமையில்லாமல் இரண்டாவது ஓடிபி கேட்டவர்கள் முதலில் வந்த எண்ணையே அடித்து, தவறு என்று வந்ததும் மூன்றாவதும் கேட்டார்கள். வாடிக்கையாளர் சேவைக் குழு எதிர்த்தது. பிறகு, எத்தனை விநாடி மிச்சம் என்று எண்ணிக்காட்டும் வரியைச் சேர்த்ததும் எதிர்ப்பு அடங்கியது.

நினைவிலிருந்து மட்டும் எழுதினால் ஐந்தாறு அட்டைக்கு மேல் தேறாது. கடைசியாக வெளியான திரைதான் நினைவில் நிற்கும். வழியில் தூக்கிப்போட்ட வடிவங்கள் மறந்துபோயிருக்கும். டிசைன் மென்பொருளான ஃபிக்மாவின் கோப்பில் பழைய பதிப்புகளையும் கமெண்டுகளையும் பாருங்கள். குழுவின் அரட்டையில் 'வேண்டாம்', 'ஏன்', 'மாற்றலாமா' போன்ற சொற்களைத் தேடுங்கள். வாக்குவாதம் நடந்த இடத்தில்தான் முடிவு இருக்கும். டெவலப்பர்களின் டிக்கெட்டுகளில், அதாவது வேலைக் குறிப்புகளில், 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று இருப்பவற்றையும் பாருங்கள். 15 அட்டைகளில் 3 அட்டையாவது தோற்றுப்போன முடிவாக இருக்கட்டும். வெற்றிகளை மட்டும் அடுக்கினால், பின்னால் கொள்கை எழுதும்போது எல்லாமே பொன்மொழியாக வந்து விழும்.

ரகசிய ஒப்பந்தம் இருக்கிற வேலை என்றால் அட்டையிலேயே ஒரு மூலையில் குறித்துவிடுங்கள். வெளியான திரை யாரும் பார்க்கக்கூடியது, அதைப் பற்றிப் பேசலாம். வெளிவராத வடிவமும், நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் எண்களும் வேறு கதை. நிறுவனப் பெயரை மறைத்து 'ஒரு கடன் செயலி' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் ஒரு நிமிடம் ஆகாது. சந்தேகம் இருந்தால் பழைய மேலாளருக்கு ஒரு மெயில் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னணி: எங்கிருந்து எது வந்தது

பின்னணி என்றால் படிப்பு, வேலை, ஆண்டு என்று ரெஸ்யூமேயை உரைநடையாக்குவது அல்ல. ஓரிடத்தில் கற்றது அடுத்த இடத்தில் எப்படிப் பயன்பட்டது என்பதே இங்கே செய்தி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க டிசைனர் தம்பதியான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் அமெரிக்கக் கடற்படைக்காக, அடிபட்ட காலைத் தாங்கிப் பிடிக்கும் சிம்புகளை ஒட்டுப்பலகையை (பிளைவுட்) வளைத்துச் செய்தார்கள். பலகையை ஒரே நேரத்தில் பல திசைகளில் வளைக்கும் அந்தக் கைப்பழக்கம், போர் முடிந்ததும் நாற்காலிக்குப் போயிற்று. இன்றும் விற்பனையில் இருக்கும் அவர்களுடைய ஒட்டுப்பலகை நாற்காலிகளின் வேர் அங்கே இருக்கிறது. 'கடற்படைக்கு வேலை செய்தோம்' என்பது வெறும் தகவல். 'சிம்பு செய்து பழகிய கை நாற்காலி செய்தது' என்பதுதான் பின்னணி.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. இந்திய ரூபாயின் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், கட்டடக் கலை படித்தவர். பிறகு மும்பை ஐஐடியின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தார். 2010-இல் அவருடைய குறியீடு தேர்வானது. தேவநாகரியின் 'ர' எழுத்தையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒரே உருவத்தில் இணைத்திருக்கிறது அது. எழுத்துகளின் வளைவையும் கோட்டையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் கையில் அப்படி ஒன்று பிறந்ததில் வியப்பில்லை. அவரைப் பற்றி இரண்டே வரி எழுதச் சொன்னாலும் எந்த இரண்டு வரி என்பது தானாகத் தெரிகிறது பாருங்கள்.

உங்களுக்கும் அப்படி இரண்டு வரி கிடைக்க ஒரு வழி. வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள்: 'அங்கே இதைச் செய்ததால், இன்று இந்த வேலையை இப்படிச் செய்கிறேன்.' நிரப்ப முடிந்த கட்டம் பக்கத்தில் இருக்கட்டும். முடியாததை ரெஸ்யூமேயோடு விட்டுவிடுங்கள். நான்கு வாக்கியம், 40 முதல் 70 சொல். அவ்வளவுதான் பின்னணிக்கு இடம்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு டிசைனுக்கு வந்தவர்கள் ஏராளம். அந்த நான்கு ஆண்டை மறைப்பவர்களும் உண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு, சென்சாரிலிருந்து வரும் எண் திரைக்கு வந்துசேர நேரமாகும் என்பது தெரியும். அதனால் அவர் வரைகிற திரையில் 'கடைசியாகப் பதிவான நேரம்' இருக்கும். சிவில் படித்தவர் வரைபடத்தில் அளவுகோல் இல்லாமல் கோடு போட மாட்டார். இப்படி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் படிப்பை அரை வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கை. 'ஐந்து ஆண்டு அனுபவம்' என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். '2019 முதல்' என்று எழுதுங்கள். 'சிறுவயதிலிருந்தே வரைவதில் ஆர்வம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். வரைந்துகொண்டிருந்த குழந்தைகள் எல்லாருமே டிசைனர் ஆகவில்லை, டிசைனர்கள் எல்லாருமே வரைந்துகொண்டிருந்த குழந்தைகளும் இல்லை.

கொள்கை: பக்கத்தின் முதுகெலும்பு

ஜெர்மனியின் பொருள் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் சொன்ன பத்துக் கொள்கைகளைக் கேள்விப்படாத டிசைனர் குறைவு. ஆனால் அவை எப்போது வந்தன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ரேடியோவும் வீட்டுச் சாதனங்களும் செய்த பிரவுன் நிறுவனத்தில் ராம்ஸ் சேர்ந்தது 1955. சக டிசைனர் ஹன்ஸ் குகெலோட்டோடு சேர்ந்து, மேலே ஒளிபுகும் மூடி வைத்த எஸ்கே 4 ரேடியோ கிராமபோனை வடிவமைத்தது 1956. டிசைன் துறையின் தலைவரானது 1961. கொள்கைகள் உருவெடுத்ததோ 1970-களின் பிற்பகுதியில். இருபது ஆண்டு பொருள்களைச் செய்துவிட்டு, 'நல்ல டிசைன் என்றால் என்ன' என்று தன்னையே கேட்டுக்கொண்டு கண்டடைந்தவை அவை. முதலில் வேலை, அப்புறம்தான் கொள்கை. அதே வரிசையில்தான் நீங்களும் போக வேண்டும். 15 அட்டையை முதலில் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

அட்டைகளைத் தரையில் பரப்புங்கள். எந்தச் செயலி, எந்த ஆண்டு என்று பிரிக்காமல் 'ஏன்' என்ற வரியை மட்டும் பார்த்துக் குவியுங்கள். ஓடிபி அட்டையும், படிவத்தில் பின்கோடு அடித்ததும் ஊர் தானாக வரும் அட்டையும், பணம் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் அட்டையும் ஒரே குவியலில் வந்து விழலாம்: மூன்றிலும் நீங்கள் துரத்தியது பயனரின் பதற்றத்தைத்தான். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு குவியல் தேறும். எதிலும் சேராத அட்டைகளைத் தள்ளி வையுங்கள். மூன்று அட்டைக்குக் குறைவான குவியலைக் கொள்கை ஆக்காதீர்கள். அது ஒருமுறை நடந்தது, அவ்வளவே.

இப்போது ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுதிய வரியை நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள்.

முதலில், திருப்பிப் போட்டுப் பாருங்கள். கொள்கையின் நேர்மாறையும் புத்தியுள்ள ஒரு டிசைனர் நியாயமாகச் சொல்ல முடிய வேண்டும். 'பயனருக்கு எளிமையாக இருக்க வேண்டும்' என்பதைத் திருப்பினால் 'பயனருக்குக் கடினமாக இருக்க வேண்டும்' என்று வரும். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அது கொள்கையே இல்லை, வெறும் நல்லெண்ணம். 'ஒரு திரைக்கு ஒரு கேள்வி' என்பதைத் திருப்புங்கள்: 'எல்லாக் கேள்வியும் ஒரே திரையில்.' மருந்துக் கடையில் நாள் முழுக்க பில் போடுகிறவருக்கு இதுதான் சரி. திரைக்குத் திரை 'அடுத்து' அமுக்க வைத்தால் வரிசை வாசல்வரை நிற்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் நீங்கள் ஒரு பக்கம் நின்றால்தான் அது கொள்கை.

இரண்டாவது, விலையைப் பாருங்கள். இந்தக் கொள்கைக்காக எதை இழந்தீர்கள்? அட்டையில் 'எதை விட்டோம்' என்ற வரி இதற்குத்தான். இழப்பே இல்லாத முடிவு யாரும் எடுத்துவிடக்கூடிய முடிவு. 'பிழைச் செய்தியில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்' என்று எழுதியவர், அதற்காக ஒவ்வொரு பிழைக்கும் தனிச் செய்தி எழுத வேண்டியிருந்ததையும், வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனதையும் சேர்த்துச் சொன்னால் படிக்கிறவர் நம்புவார்.

மூன்றாவது, எல்லையைத் தேடுங்கள். எங்கே இந்தக் கொள்கை செல்லாது? மேலே சொன்ன 'ஒரு திரைக்கு ஒரு கேள்வி' முதன்முறை படிவம் நிரப்புகிறவருக்கு நல்லது, தினமும் நிரப்புகிறவருக்குத் தொல்லை. அந்த எல்லையையும் எழுதிவிடுங்கள். தன் கொள்கை எங்கே உடையும் என்று தெரிந்தவர்தான் அதைச் சோதித்தவர். நேர்முகத்தில் எதிரே இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான்.

நான்காவது, ஒரு பொருளைக் கைகாட்டுங்கள். ஜப்பானிய டிசைனர் நவோட்டோ ஃபுகசாவா 1999-இல் வடிவமைத்த சுவரில் மாட்டும் சிடி பிளேயரைப் பாருங்கள். சமையலறைக் காற்றாடியைப் போலவே தோற்றம், கீழே தொங்கும் கயிறு. இழுத்தால் வட்டு சுழலும், பாட்டு வரும். யோசிக்காமலே கை செய்யும் செயலுக்கு ஏற்றபடி பொருள் அமைய வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை அந்தக் கயிறே சொல்லிவிடுகிறது. உங்கள் கொள்கைக்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும்: இந்தத் திரையில், இந்தப் பட்டன் என்று காட்டும்படி. கைகாட்ட ஒன்றும் இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நான்கையும் தாண்டி வருவது பெரும்பாலும் மூன்று கொள்கையாக இருக்கும். மூன்றே போதும். ராம்ஸுக்குப் பத்து இருந்தது என்றால், ரேடியோவிலிருந்து கணிப்பான்வரை ஒரு முழுத் துறையையே 1995 வரை நடத்தியவர் அவர். அந்தப் பத்தில் நான்கை எடுத்துத் தமிழாக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். படிக்கிறவருக்கு மூலம் தெரியும். ராம்ஸிடமிருந்து எடுக்க வேண்டியது வரிசையைத்தான், வரிகளை அல்ல.

எழுத்தில் வடிவம் எளியது: ஒரு வரிக் கொள்கை, அதன் கீழே இரண்டு மூன்று வாக்கியத்தில் சான்று. கொள்கை வரியில் வினைச்சொல் இருக்கட்டும். 'தெளிவு', 'நேர்மை', 'பரிவு' என்று ஒற்றைச் சொல்லை நிறுத்தினால் அரசியல் மேடைப் பதாகைபோல ஆகிவிடும். 'பணம் எங்கே இருக்கிறது என்பதை எந்த நொடியிலும் காட்டுவேன்' என்று எழுதினால் ஒரு ஆள் பேசுவது கேட்கும்.

சான்றில் எண் போடுவதானால், எப்படி அளந்தீர்கள் என்பதையும் போடுங்கள். 'புகார் 40 சதவீதம் குறைந்தது' என்று மட்டும் இருந்தால் எத்தனை நாளில், எதோடு ஒப்பிட்டு என்று கேட்பார்கள். அந்த மாதத்தில் வேறு மாற்றமும் வந்திருந்தால் பெருமை முழுக்க உங்கள் பட்டனுக்கு இல்லை. அளக்கவே இல்லை என்றால் எண்ணே வேண்டாம். கடையில் நின்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

'நான்', 'நாங்கள்' இரண்டையும் கலக்காமல் எழுதுவது இதைவிட முக்கியம். நீங்கள் தனியாகச் செய்ததற்கு 'நான்'. குழுவாகச் செய்ததற்கு 'நாங்கள்', அதில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி. ராம்ஸின் புகழ்பெற்ற வேலைகளிலேயே எஸ்கே 4-இல் குகெலோட் பெயரும், 1987-இன் இடி 66 கணிப்பானில் டீட்ரிக் லூப்ஸ் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. அதனால் யார் மதிப்பும் குறையவில்லை. சக டிசைனரின் வேலையைத் தன்னுடையதாக எழுதினால், சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் அது வெளிவர அதிக நாள் ஆகாது; எல்லாரும் எல்லாரோடும் எங்கோ ஓரிடத்தில் வேலை செய்திருப்பார்கள்.

இப்போதுதான் படிப்பை முடித்தவர்களுக்கு: 15 அட்டை கிடைக்காது, பரவாயில்லை. கல்லூரிப் பிராஜெக்ட், வீட்டுக் கடையின் விலைப் பலகை, விடுதி மெஸ் டோக்கன் முறையை மாற்றியது என்று 6 அட்டை தேறும். அதை வைத்துக் 'கொள்கை' என்று தலைப்புப் போடாதீர்கள். 'இப்போது சோதித்துக்கொண்டிருக்கும் எண்ணம்' என்று ஒன்றே ஒன்று எழுதுங்கள். ராம்ஸுக்கே இருபது ஆண்டு ஆயிற்று என்பதை அறிந்தவர்கள் அந்த அடக்கத்தை மதிப்பார்கள்.

விருப்பம்: கட்டாமல் விடுங்கள்

ராம்ஸ், பிராங்பர்ட் அருகே குரோன்பெர்க்கில் தன் வீட்டுத் தோட்டத்தை ஜப்பானியப் பாணியில் வளர்த்தார். போன்சாய் மரங்களைக் கத்தரிப்பதில் அவருக்கு ஈடுபாடு. தேவையில்லாததை வெட்டும் கைக்கும் அவருடைய ரேடியோக்களுக்கும் உறவு இருப்பது யாருக்கும் புரியும். யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்கியிருந்தால் அந்த இன்பமே போயிருக்கும்.

இதுதான் விதி. 'மாரத்தான் ஓட்டம் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது, அது என் டிசைனிலும் தெரியும்' என்று எழுதாதீர்கள். ஓடுவது பிடிக்கும் என்றால் ஓடுவதைப் பற்றி எழுதுங்கள். விருப்பத்தை வேலைக்கு ஏவல்காரனாக்கினால் அது விருப்பமாகத் தெரியாது. படிக்கிறவர் இரண்டையும் தானே சேர்த்துப் பார்த்துக்கொள்வார். சேர்க்காவிட்டாலும் நஷ்டமில்லை, சாப்பாட்டு மேசையில் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

இரண்டு விருப்பம், 30 சொல். பொதுப்பெயரில் நிற்காமல் ஒரு படி இறங்குங்கள். 'இசை' என்பதிலிருந்து 'நாகஸ்வரம்' வரை இறங்கினால் நன்று, 'கோயில் திருவிழாக்களில் மல்லாரி கேட்கப் போவேன்' வரை இறங்கினால் மிக நன்று. 'சமையல்' என்பதைவிட 'ஐந்து ஊர்க் குழம்பு மிளகாய்த்தூளை வறுத்து அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்' என்பதில் ஆள் தெரிகிறார். அண்மையில் செய்ததை எழுதுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் மூட்டை கட்டி வைத்த கிதாரைப் பற்றி எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பாதுகாப்பையும் பாருங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு எந்தக் கடற்கரையில் ஓடுகிறீர்கள் என்று ஊருக்கே சொல்ல வேண்டாம். குழந்தைகளின் பெயரும் படமும், வீட்டுத் தெரு தெரியும் படமும் வேண்டாம்.

பக்கத்தை அடுக்குவது

முழுப் பக்கம் அதிகபட்சம் 200 சொல். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் சொல் கணக்கை அப்படியே எடுத்தால் பக்கம் நீண்டுவிடும். முதல் வரியில் என்ன செய்கிறீர்கள், யாருக்காக என்பது வந்துவிட வேண்டும். 'வணக்கம், என் பக்கத்துக்கு வரவேற்கிறேன்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. பின்னணி, கொள்கை, விருப்பம், தொடர்பு மெயில் என்ற வரிசை போதும். ஃபோன் எண்ணைப் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். மென்பொருள் பட்டியல், திறமையைச் சதவீதத்தில் காட்டும் பட்டைகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஃபிக்மாவில் 85 சதவீதம் என்றால் மீதி 15 என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

படம் ஒன்று: 800 பிக்சல் சதுரம், 150 கிலோபைட்டுக்குள், முகத்தில் சன்னல் வெளிச்சம். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று விவரத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.

தமிழில் பக்கம் போடுகிறவர்கள் தடுமாறும் இடம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய முறையில் அடித்த எழுத்து, கணினிக்கு ஆங்கில எழுத்துக் கூட்டம்தான். தேடலில் வராது; பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் உளறும். யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, பல தடிமனிலும் உண்டு. உடல் எழுத்து 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.6 முதல் 1.7. ஆங்கிலத்துக்கு வைத்த 1.4-ஐ விட்டுவைத்தால் மேல் வரியின் 'கு', 'ஞூ' கால்கள் கீழ் வரியின் இகரக் கொக்கியில் இடிக்கும். எழுத்து இடைவெளி 0-விலேயே இருக்கட்டும். கூட்டினால் சில மென்பொருள்களில் 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை, உலாவி தானாகச் சாய்த்துக் காட்டுவது கண்ணுக்கு உறுத்தல். அழுத்தம் வேண்டுமானால் தடிமனைப் பயன்படுத்துங்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட மறந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும்.

தலைப்புகளை 360 பிக்சல் அகல ஃபோனில் பாருங்கள். 'வடிவமைப்பாளர்களுக்கான' போன்ற நீண்ட சொல் பெரிய எழுத்தில் திரையைத் தாண்டி ஓடும். தலைப்பில் குட்டிச் சொல் தேடுங்கள்.

இதையே பிடிஎஃப் ஆக அனுப்புவதானால் ஒரு சோதனை: கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி 'கொள்கை' சிதைந்து வந்தால், ஆள் எடுக்கும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். இணைய முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு மாதிரி

கற்பனையான ஒருவருக்காக எழுதியது. நீளத்தையும் அடர்த்தியையும் மட்டும் பாருங்கள்.

'மருந்துக் கடைகளில் பில் போடுகிறவர்களுக்கான மென்பொருளை 2019 முதல் வடிவமைக்கிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டு சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் பிரிவில் இருந்தேன். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் அடித்த தாள் அத்தனையும் வீண். அந்தப் பழக்கத்தில், திரையை முடித்ததும் கடையில் இருக்கும் மங்கலான மானிட்டரில் போட்டுப் பார்த்த பிறகே அனுப்புவேன்.

நாள் முழுக்க ஒரே வேலை செய்கிறவருக்கு மவுஸ் தேவைப்படக் கூடாது. ஐந்து திரையாக இருந்த பில்லை நாங்கள் ஒன்றாக்கினோம்; விசைகளின் வரிசையை நான் வகுத்தேன். புதிதாகச் சேருகிறவர் பழகக் கூடுதல் நாள் ஆகிறது. அதைத் தெரிந்தே ஏற்றோம்.

காலாவதித் தேதியை மறைக்க மாட்டேன். 58 மில்லிமீட்டர் அகல பில் தாளில் இடம் போதவில்லை என்றபோது கடையின் லோகோவைச் சிறிதாக்கினேன். கடைக்காரர்கள் சிலருக்கு இன்றும் வருத்தம்.

ஞாயிறுகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீலத் தாழைக்கோழிகளை எண்ணி நோட்டில் குறிக்கிறேன். பழைய சைக்கிள்களின் பின்சக்கர ஹப்பைப் பிரித்து மாட்டுவதும் பிடிக்கும்.'

எண்ணிப் பார்த்தால் நூறு சொல்லுக்குச் சற்று மேல்தான். மூன்றாவது கொள்கையும் மெயிலும் சேர்ந்தாலும் 200-க்குள் நிற்கும்.

வெளியிடும் முன்

மூன்று பேரிடம் கொடுங்கள். டிசைன் தெரியாத ஒருவருக்கு 30 விநாடி காட்டிவிட்டு மூடி, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் ஒரு பொருளையோ இடத்தையோ சொன்னால் பக்கம் வேலை செய்கிறது. 'நன்றாக இருக்கிறது' என்றால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். உங்களோடு வேலை செய்த ஒருவரிடம், நடந்ததற்கு மாறாக எந்த வரியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். 'நான்', 'நாங்கள்' பிசகு இங்கேதான் பிடிபடும். மூன்றாவது ஆள், ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழகிய மூத்த டிசைனர். இந்தக் கொள்கைகளில் எதை எதிர்த்து வாதாடுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவரால் ஒன்றையும் எதிர்க்க முடியவில்லை என்றால் அட்டைகளை மறுபடியும் தரையில் பரப்ப வேண்டியதுதான்.

பிறகு சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். எழுத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிடம் பேசத் தயாராக இருங்கள், ஏனென்றால் நேர்முகத்தில் கேள்விகள் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய அட்டைகளை எழுதி, பழைய குவியல்களோடு சேர்த்துப் பாருங்கள்; புதிய அட்டை ஒன்றுகூடச் சேராத குவியலின் கொள்கையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம்.